குரலுக்கும் நான்கெல்லை

"பொருள் எண் நான்கு: நடுக்குவாதக் குரல் ஆய்வு. பொதுமக்கள் பிரதிநிதி இப்பொருளின்போது அறையில் இல்லை. காரணம், அவருடைய கணவர் இந்த ஆய்வில் சேர்ந்திருப்பவர். வெளியே சென்ற நேரம் 11.40. திரும்பிய நேரம் 12.10."

ஆவணி மாதத்து இரண்டாம் வியாழக்கிழமைக் கூட்டத்தின் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது. எழுதியவன் நான். ஓரத்தில், 12.10 என்பதற்கு நேராக, பென்சிலால் 12.08 என்று இன்னொருவர் திருத்தியிருக்கிறார். அது அந்தப் பொதுமக்கள் பிரதிநிதியின் கையெழுத்து. இரண்டு நிமிஷத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, "நான் வெளியில இருந்த நேரத்தக் கூட்டியும் எழுதக் கூடாது, குறைச்சும் எழுதக் கூடாது சார்" என்றார். வராந்தாச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாராம்.

தஞ்சாவூரில் ஒரு மருத்துவக் கல்லூரியின் நூலகத்திலிருந்து நான் ஓய்வு பெற்ற பிறகு, அங்கேயே நெறிமுறைக் குழுவுக்குக் கூட்டக் குறிப்பு எழுத என்னைக் கூப்பிட்டார்கள். மனிதர்களை வைத்துச் செய்கிற எந்த ஆராய்ச்சியும் அந்தக் குழுவின் முன் வந்து அனுமதி வாங்கித்தான் தொடங்க முடியும். குழுவில் டாக்டர்கள் உண்டு. ஒரு வக்கீல் உண்டு. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். இவர்களோடு, மருத்துவமும் சட்டமும் படிக்காத வெளியாள் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த வெளியாள்தான் இவர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். கழுத்தில் மெல்லிய சங்கிலி, கையில் எப்போதும் ஒரு அடிக்கோல்.

இவரை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தலைவரிடம் ஒருமுறை கேட்டேன். "கோர்ட்டுல வக்கீலுங்க இந்தம்மாவத் திட்டிக் கேட்டிருக்கேன். இது எழுதின பத்திரம் ஒண்ணுகூட வழக்குக்கு வரல. வரும்படி போச்சுன்னு கோபம்" என்றார்.

பத்திரத்தில் நிலத்தின் நான்கு எல்லைகளை எழுதும் பகுதிக்குச் செக்குபந்தி என்று பெயர். கிழக்கே யார் நிலம், மேற்கே எந்த வாய்க்கால் என்று நாலு பக்கமும் எழுதினால்தான் அது இன்ன நிலம் என்று ஆகும். அவருக்கு இது தொழிலோடு நிற்கவில்லை. எதைக் கைமாற்றினாலும் எல்லை சொல்லித்தான் கொடுப்பார். பக்கத்து வீட்டுப் பெண் குக்கர் கேட்டு வந்தபோது நான் அங்கே இருந்தேன். "புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும். சோறும் பருப்பும்தான். கறி, மீன் வேண்டாம். உன் நாத்தனார் கேட்டாலும் கொடுக்காத, அவ என்கிட்ட வந்து கேக்கட்டும்." அந்தப் பெண் குக்கரை வாங்கிக்கொண்டு, "ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எப்பக்கா வரணும்?" என்று கேட்டுவிட்டு ஓடினாள். இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் புதன்கிழமையை மாற்றவில்லை.

குழுவில் அவர் முதலில் வாய் திறந்தது கொசு ஆய்வின்போது. வெண்ணாற்றின் ஓரமாக எங்கெங்கே தண்ணீர் தேங்குகிறது என்று ட்ரோன் விட்டுப் படமெடுக்கப் போகிறார்கள். கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்துத் தானே குட்டைகளைக் கண்டுபிடிக்கும். ஆட்களைத் தொடப் போவதில்லை, பேசப் போவதில்லை, ஆகவே யார் சம்மதமும் தேவையில்லை என்று விண்ணப்பத்தில் இருந்தது.

"அது எவ்வளவு உசரத்துல பறக்கும்?" என்று இவர் கேட்டார்.

"முகமெல்லாம் தெரியாதுங்கம்மா" என்றார் கம்ப்யூட்டர் பொறியாளர். சின்ன வயது, நல்ல பையன்.

"முகம் தெரியாட்டி என்ன தம்பி, அந்தத் துறையில பதினோரு மணிக்குக் குளிக்கிறது யாருன்னு ஊருக்கே தெரியும்."

கடைசியில், பறக்கும் நாளையும் நேரத்தையும் முந்தின நாளே ஆட்டோவில் மைக் கட்டி ஊருக்குச் சொல்லிவிட வேண்டும், படித்துறைகளின் மேல் பறக்கக் கூடாது என்று தீர்மானமாயிற்று. அவர் அதோடு விடவில்லை. படம் யாரிடம் இருக்கும், எதற்கு, எதுவரைக்கும் என்று மூன்று கேள்வி கேட்டு, பதில்களை எழுதச் சொன்னார்.

அவருக்குத் தெரியாததும் இருந்தது. நடவு நடும் பெண்களுக்கு வெயிலில் உடம்பு எப்படிச் சூடாகிறது என்று அளக்க, கையில் கட்டும் பட்டைகள் வந்தன. ஆளுக்கொரு பட்டை, ஆளுக்கொரு படிவம். ஒவ்வொருவருக்கும் இவரே போய் வாசித்துக் காட்டினார். குறுவை நடவு முடிந்த பிறகு பார்த்தால் பாதிக் கணக்கு குழம்பிக் கிடந்தது. ஒருத்தி வர முடியாத நாளில் அவள் நிரையில், அதாவது அவள் நட வேண்டிய வரிசையில், மருமகளோ தங்கச்சியோ இறங்கியிருக்கிறாள். இறங்கினவள் பட்டையையும் கட்டிக்கொண்டிருக்கிறாள். இவர் வரப்பில் நின்று சத்தம் போட்டார். களையெடுத்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு மூத்தவள் இடுப்பை நிமிர்த்திச் சிரித்தாள். "நிரைக்குத்தானக்கா பட்டை? ஆளு வருவா, போவா. நிரை விட்டா அன்னைக்குக் கூலிக்கொத்து போயிருமே."

திருவாரூர் ரோட்டில் திரும்பி வரும் பஸ்ஸில் நானும் கூட இருந்தேன். இறங்கும்போது, "எழுதினது நான். வயல்ல இறங்கிப் பாக்காம எழுதிட்டேன்" என்றார். அந்த ஆய்வில் மாற்றி இறங்கிய பெண்களின் கணக்கை எல்லாம் நீக்கச் சொன்னதும் அவர்தான். ஆய்வை நடத்திய டாக்டருக்கு ஒரு பருவ உழைப்பு வீணாகிப்போன கோபம். "இந்தம்மா இருக்கிற வரைக்கும் தஞ்சாவூர்ல ஆராய்ச்சி உருப்படாது" என்று வராந்தாவில் நின்று, என் காதில் விழும்படியே சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அனுமதிக்குக் காத்திருந்த மாதங்களில் நோயாளிகள் நோயாளிகளாகவே இருந்தார்கள்.

குரல் ஆய்வும் அதே டாக்டருடையதுதான். நடுக்குவாதம் வந்தவர்களுக்குக் கை நடுங்குவதற்கு முன்பே குரலில் மாற்றம் வந்துவிடும் என்பது அவர் எண்ணம். நோயாளிக்குத் தினமும் காலையில் போன் வரும். பேசுவது இயந்திரம். இன்று எப்படி இருக்கிறீர்கள், இரண்டு நிமிடம் எதையாவது பேசுங்கள் என்று கேட்கும். அவர் பேசுவதைச் சேர்த்து வைத்து, கம்ப்யூட்டருக்கு நோயின் அடையாளத்தைக் கற்றுக்கொடுப்பார்கள்.

சம்மதப் படிவத்தை இவர் கூட்டத்தில் உரக்க வாசித்தார். எந்தப் படிவத்தையும் அப்படித்தான் வாசிப்பார். வாசித்துக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் நின்றார். "மீதமுள்ள குரல் மாதிரி குளிர்பதனப் பெட்டியில் பாதுகாக்கப்படும்."

எல்லாரும் சிரித்தார்கள். இரத்தப் பரிசோதனைக்கு வைத்திருந்த பழைய படிவத்தில் இரத்தம் என்ற இடத்திலெல்லாம் குரல் என்று மாற்றியிருக்கிறார்கள். டாக்டரும் சேர்ந்து சிரித்துவிட்டு, திருத்திவிடலாம் என்றார். இவர் சிரிக்கவில்லை.

"அடுத்த வரி, டாக்டர். 'எதிர்காலத்தில் மேற்கொள்ளப்படும் பிற ஆய்வுகளுக்கும் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்.' இது எத்தனை வருஷத்துக்கு?"

"வரையறை இல்லைங்கம்மா. கம்ப்யூட்டர் கத்துக்கிட்டே இருக்கும். நாளைக்கு என்ன தேவைப்படும்னு இன்னைக்குத் தெரியாது. எல்லா இடத்துலயும் இப்படித்தான் வாங்குறாங்க."

"தெரியாத விஷயத்துக்குக் கையெழுத்து வாங்கினா அதுக்குப் பேரு ஜெனரல் பவர். பவர் எழுதிக் கொடுத்து நிலத்தத் தொலைச்சவங்க எத்தனை பேரு என் கொட்டகையில வந்து உக்காந்திருக்காங்க தெரியுமா?"

வக்கீல் குறுக்கிட்டார். "நிலம் வேற, குரல் வேறம்மா."

"ஆமாங்க. நிலத்த வித்தவன் வேற நிலம் வாங்கிக்கலாம்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பவர் கொடுத்தவர் செத்துட்டா பவர் என்ன ஆகும், வக்கீல் சார்?"

"ரத்தாகும் ஐயா."

"அப்ப அதையும் எழுதணும்" என்றார் இவர்.

அந்தப் படிவத்துக்கு மூன்று கூட்டங்கள் பிடித்தன. முடிவில் ஒரு பக்கத்தில் நான்கு கட்டங்கள் வந்தன. என் குரலைக் கேட்கப்போவது யார். எதற்காக. எதுவரை. நான்காவது: எனக்குப் பிறகு யார் கேட்கலாம், குடும்பத்தார் கேட்கலாமா. படிக்காதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், கேட்டவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். எழுத முடியாதவருக்காக எழுதுகிறவர், பத்திரத்தில் போடுவதைப் போல, எழுதியவர் என்று அடியில் கையெழுத்துப் போட வேண்டும். மிச்சமிருக்கும் வெற்றிடத்தில் பின்னால் எதுவும் சேர்க்க முடியாதபடி கோடு இழுக்க வேண்டும். ஆய்வு முடிந்தால் குரல்களை இரண்டு சாட்சிகள் முன்னால் அழிக்க வேண்டும். பிறகு வந்த எல்லா ஆய்வுகளுக்கும், பட்டையோ படமோ, இதே நான்கு கட்டம்தான். டாக்டர்கள் கேலியாக அதைச் செக்குபந்திப் படிவம் என்றார்கள். கொஞ்ச நாளில் கேலி போய் அதுவே பெயராயிற்று.

இவர் கணவர் அரிசி ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். வாழ்நாளெல்லாம் இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியதால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். நான் முதல்முறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது, "வாங்க சார்!" என்று அவர் வரவேற்றதில் தெருநாய் எழுந்து ஓடியது. "என்னங்க, நான் செவிடு இல்ல, சாரும் செவிடு இல்ல" என்று உள்ளேயிருந்து இவர் சொன்னார். "நான் செவிடும்மா! அதான்!" என்று அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார்.

அவருக்கு நடுக்குவாதம் வந்தது. அந்த டாக்டரிடமே காட்டினார்கள். ஆய்வில் சேருகிறீர்களா என்று கேட்டபோது, அவர் யார் வீட்டுக்காரர் என்று டாக்டருக்குத் தெரியாது. தெரிந்ததும் பயந்துபோய் வேண்டாம் என்றாராம். "என் பொண்டாட்டி எழுதின படிவத்துல நான் கையெழுத்துப் போடாம வேற யாரு போடுவா?" என்று அவர்தான் பிடிவாதமாகச் சேர்ந்தார். அன்றிலிருந்து அந்த ஆய்வைப் பற்றிப் பேச்சு வந்தால் இவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

தினமும் காலை ஏழரைக்குப் போன் வரும். அவர் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். இவர் மிக்ஸியைப் போட்டுவிடுவார். சட்னி இல்லாத நாளிலும் வெறும் மிக்ஸி ஓடும். அவர் கதவைத் திறந்த பிறகுதான் நிற்கும். இதை எனக்குச் சொன்னது அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்தான். "பொங்கலன்னைக்கு என்னக்கா அரைக்கிறீங்கன்னு எட்டிப் பாத்தேன் சார். உள்ள ஒண்ணுமே இல்ல."

மாதங்கள் போகப் போக அந்தப் பெரிய குரல் சிறுத்துக்கொண்டே வந்தது. அந்த நோய் அப்படித்தான். கடைசியில், பக்கத்தில் உட்கார்ந்தால் காற்று மட்டும் கேட்டது. பங்குனியில், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில், ஒரு திங்கட்கிழமை காலை அவர் இறந்தார். அதற்கு முன்பே போன் அழைப்புகளை நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாம் நாள் ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு நானும் புறப்பட இருந்தேன். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மகன் தரையில் உட்கார்ந்து தன் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, அப்பா பேசினது எங்கயுமே இல்லம்மா. என்கிட்ட இருக்கிற வீடியோ எல்லாத்துலயும் நான்தான் பேசுறேன். அவரு தலையாட்டுறாரு. போன்னா அவருக்கு ஆகாதே."

இவர் ஜமக்காளத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆஸ்பத்திரியில இருக்குல்ல? தினம் பேசினாரே. அத வாங்கலாம்ல?"

"அவரு வேண்டாம்னு சொல்லியிருக்காருப்பா."

"யாருகிட்ட?"

"என்கிட்ட. படிவத்த நான்தான் எழுதினேன்."

மகன் நிமிர்ந்து பார்த்தான். "நீ எழுதினியா? அப்ப ஒரு வார்த்தைய மாத்தி எழுதியிருந்தா யாருக்கும்மா தெரியப்போகுது?"

"யாருக்கும் தெரியாது. அதனாலதான் மாத்தல."

அவன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். ஊருக்குத் திரும்புகிற வரைக்கும் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

படிவம் எழுதிய அந்தக் காலையைப் பற்றி அவரே எனக்குச் சொன்னது சித்திரையில். நானாகக் கேட்கவில்லை. கொட்டகையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம். ஆய்வு ஊழியர் வீட்டுக்கு வந்து படிவத்தை வாசித்துக் காட்டியிருக்கிறார். இவர் கணவருக்குக் கை நடுங்கிப் பேனா நிற்கவில்லை. ஊழியர் இவரைப் பார்த்தார். இவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்.

"யாருகிட்டயும் கேக்குற மாதிரிதான் சார் கேட்டேன். கேக்கப்போறது யாருன்னேன். டாக்டரும் அந்தக் கம்ப்யூட்டரும்னாரு. எதுக்குன்னேன். வியாதியக் கண்டுபிடிக்கன்னாரு. எதுவரைக்கும்னேன். ஆராய்ச்சி முடியற வரைக்கும். அப்புறம், உங்களுக்குப் பிறகு வீட்டாளுங்க கேக்கலாமான்னேன். கொஞ்ச நேரம் ஃபேனப் பாத்தாரு. வேண்டாம்னாரு."

"ஏன்னு கேட்டீங்களா?"

"எழுதிக்கொடுக்கறவருகிட்ட ஏன்னு கேக்கக் கூடாது சார். சுயநினைவா சொல்றாரா, புரிஞ்சு சொல்றாரா, ரெண்டுதான் நான் பாக்கணும். ரெண்டும் இருந்துச்சு." அடிக்கோலை மேஜையில் நேராக வைத்தார். "பொண்டாட்டியா கேட்டிருக்கலாம். அப்ப நான் பேனாவ வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

பிறகு கேட்கவில்லையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பதிலை அவரே சொன்னார். "அப்புறம் எப்படிக் கேக்குறது? காரணம் தெரிஞ்சு அது சரியில்லன்னு தோணிட்டா, நான் எழுதினது சந்தேகத்துக்கு ஆளாயிரும்."

கணவர் குரல் வீட்டில் எங்குமே இல்லை என்ற செய்தி டாக்டர் காதுக்கும் போயிருக்கிறது. வராந்தாவில் நின்று திட்டிய அதே டாக்டர்தான் குழுவுக்கு மனு எழுதினார். பங்கேற்றவரின் மனைவி ஒரு பதிவை மட்டும் ஒரு முறை கேட்க அனுமதிக்க வேண்டும் என்று. வைகாசிக் கூட்டத்தில் அது வந்தது. இவர் வெளியே உட்கார்ந்திருந்தார். வக்கீல்கூட எதிர்க்கவில்லை. அனுமதி கொடுத்துத் தீர்மானம் எழுதினோம். குழு தன் சொந்தப் படிவத்தை மீறியது அந்த ஒரு தடவைதான். அதையும் நான்தான் எழுதினேன்.

கடிதத்தை நான் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். நின்றுகொண்டே இரண்டு முறை படித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"ஒரு தடவைன்னு போட்டிருக்காங்க."

"ஆமாங்க."

"எந்த நாள் பேசினது?"

"நீங்களே பாத்துச் சொல்லலாம்னாரு டாக்டர்."

அவர் கடிதத்தை மடித்தார், விரித்தார். "மொத வாரத்துல பேசினது இருக்குமா சார்? நல்லா பேசிக்கிட்டிருந்த சமயம்?"

"இருக்கும்மா."

"கொல்லையில கிளி நிறைய வரும் அந்தச் சமயத்துல. அதுவும் கேக்குமா?"

"தெரியலைங்க. கேக்கலாம்."

அவர் போய்க் கேட்பார் என்றுதான் நான் நினைத்தேன். கேட்க வேண்டும் என்று விரும்பினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மறுநாள் காலை, நான் போவதற்கு முன்பே, கடிதம் அலுவலக மேஜைக்குத் திரும்பி வந்திருந்தது. கீழே ஒரு வரி: "எழுதிக்கொடுத்தவர் வைத்த எல்லையைத் திருத்த எழுதிக்கொடுத்தவருக்கே உரிமை." அதற்குக் கீழே மிச்சமிருந்த வெற்றிடம் முழுக்க அடிக்கோல் வைத்து இழுத்த கோடு.

ஆய்வு ஆனி மாதத்தில் முடிந்தது. அழிக்கும் நாளில் சாட்சிகள் வக்கீலும் நானும். இவர் வர வேண்டிய அவசியமே இல்லை. வந்தார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே, கொசு ஆய்வுக்கு வந்த அதே கம்ப்யூட்டர் பொறியாளர், பெயரும் கோப்பும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒவ்வொருவரின் முதல் பதிவையும் சில விநாடி ஓடவிட்டுத்தான் அழிக்க வேண்டும் என்றார். இதைப் படிவம் எழுதும்போது எங்களில் யாரும் யோசிக்கவில்லை. வக்கீலும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வேறு வழி சொல்லத் தெரியவில்லை.

இவர் கணவருடைய முறை வந்தது. இயந்திரம் கேட்டு முடித்தது. அவர் பேசினார். ஏழெட்டு விநாடி இருக்கும். என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத மாட்டேன். கேட்கலாம் என்று அவர் எழுதிக்கொடுத்தவர்களில் நான் இல்லை.

வெளியே வந்தபோது இவர் எழுந்து நின்றார்.

"முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுதுங்கம்மா."

"சத்தம் எப்படி இருந்துச்சு? மெதுவாவா?"

"இல்லைங்க. பழைய மாதிரி. மில்லுக்குள்ள நின்னு பேசுற மாதிரி."

கையை உயர்த்தினார். "போதும். அதுக்கு மேல சொல்லாதீங்க." புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கிப் போனார். அதன்பின் அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. ராஜினாமாக் கடிதம் தபாலில் வந்தது. காரணம் எழுதவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

அழித்ததற்கான பட்டியலை நான் அந்த வாரமே குறிப்பேட்டில் ஏற்றினேன். பழக்கத்தினால், எந்தெந்த நாளில் போன் எடுக்கப்பட்டது என்ற டாக்டரின் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்தேன். அவர் கணவர் பெயருக்கு நேராக, பதிவேட்டில் இருந்ததைவிட அழித்த பட்டியலில் ஒன்று குறைந்தது. மூன்று முறை எண்ணினேன். தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. போன் எடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு நிமிடமும் பேசப்பட்டிருக்கிறது. கோப்பு பட்டியலில் இல்லை.

பொறியாளரைக் கேட்டேன். "அந்த வாரம் சர்வர் மாத்தினோம் சார். லைன் சரியா விழாம இருந்திருக்கலாம். பழைய டிஸ்க்க வாடகைக்குக் கொடுத்தவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. துடைச்சிருப்பாங்க." துடைத்ததற்குக் காகிதம் இருக்கிறதா என்றேன். தேடிப் பார்க்கிறேன் என்றார். இரண்டு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை.

இதைச் சொல்வதற்காகத்தான் ஆடி முதல் வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. ஊரே அந்தப் பேச்சாக இருந்தது. அவர் மெலிந்திருந்தார். காபி கொடுத்தார். நான் ஆரம்பிப்பதற்குள், "இப்ப எங்கயும் இல்லைல்ல சார்? அவரு சொன்ன மாதிரியே முடிச்சுட்டோம்ல?" என்று கேட்டார்.

"ஆமாங்கம்மா" என்றேன்.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். அப்படி இளைப்பாறிய முகத்தை அவரிடம் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வருடம், கார்த்திகை மழையில், நான்கு நாள் காய்ச்சலில் அவர் இறந்தார். அடக்கத்துக்குப் போயிருந்தேன். மகன் வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. கல்லறைத் தோட்டத்தில் தண்ணீர் நின்றது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக் கோப்பு சர்வருக்கு வராமலே போனதா, வந்து பழைய டிஸ்க்கோடு அழிந்ததா, எங்காவது இன்னும் இருக்கிறதா என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.